இஞ்சியா, சுக்கா?

கிழங்கு ஒன்றுதான். ஈரம் இருக்கும்வரை இஞ்சி, காய்ந்தால் சுக்கு. அதனாலேயே ஒன்று இல்லாவிட்டால் மற்றதைப் போட்டுச் சமாளிக்கிறோம். சித்த மருத்துவம் அப்படிக் கலக்கவில்லை. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று வேளை பிரித்தது. வேதியியலும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது.

பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதன் காரத்துக்கு முதற்காரணம் ஜிஞ்சரால். கிழங்கு காயும்போதும் சூடேறும்போதும் ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகாலுக்கு உறைப்பு கூடுதல். சுக்குக் கஷாயம் தொண்டைவரை எரிய இதுவும் காரணம். குமட்டலைத் தூண்டும் செரட்டோனின் ஏற்பிகளை இந்த இரண்டு பொருள்களும் தடுப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளைப் பார்த்தால் தராசு சுக்கின் பக்கம் சாய்கிறது. அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது காய்ந்த பொடியைத்தான். தாய்லாந்தில் 70 கர்ப்பிணிகளிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், இஞ்சியை உலர்த்திப் பொடித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாளுக்கு 1 கிராம் வீதம் 4 நாள் கொடுத்தார்கள். வெற்றுக் குளிகை விழுங்கியவர்களைவிட இவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் நன்றாகக் குறைந்தன. பயணக் குமட்டலில் முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை.

செரிமானத்தில் இன்னும் நிதானம் வேண்டும். அஜீரணக்காரர்களிடம் தைவானில் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், 1.2 கிராம் பொடி இரைப்பையை வேகமாகக் காலியாக்கியது. அவர்கள் உணர்ந்த உப்புசமும் வலியும் மட்டும் குறையவில்லை. சுக்கு குடித்ததும் வயிறு லேசாகிவிடும் என்று அடித்துச் சொல்ல இது போதாது.

பச்சை இஞ்சிக்குக் குறை அளவில்தான். கிழங்கின் வயது, ரகம், பிழிந்த விதம் எல்லாம் சாற்றை மாற்றிவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. துவையலுக்கும் பச்சடிக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. குமட்டலுக்கு மருந்தாக எடுப்பதென்றால் என் தேர்வு நிறுத்து எடுத்த சுக்குப் பொடிதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரண்டுமே தொல்லை தரலாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.