பாரீஸ் விடுதி அறையில் மூன்று பேர்

ரீயூனியன் மலர் என்றாலே ஹாஸ்டல் ரூம்மேட்டைப் பற்றி யாராவது ஒருத்தர் எழுதாமல் இருக்க மாட்டார். நானும் ரூம்மேட்டுகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் நம் ஹாஸ்டல் அல்ல. ஆண்டு 1529, இடம் பாரீஸ் பல்கலைக்கழகத்தின் சேன்ட் பார்ப் கல்லூரி.

ஒரே அறையில் மூன்று பேர். பீட்டர் ஃபேபர், சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். பிரான்சிஸ் சேவியர், நவார் நாட்டுப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. இருவருக்கும் வயது 23. மூன்றாவதாக வந்து சேர்ந்தவருக்கு 38 வயது, ஒரு கால் வேறு நொண்டல். அவர்தான் லொயோலா ஊர் இக்னேஷியஸ். நம் கத்தோலிக்க வழக்கில் இஞ்ஞாசியார். இன்று பேராசிரியர்களும் மாணவர்களும் தியானத்துக்குப் போய் உட்கார்ந்தால் அவர்கள் கையில் கொடுக்கப்படும் முறை பெரும்பாலும் இந்த மனிதரிடமிருந்து வந்தது. அவரோ படிப்பிலும் ஜெபத்திலும் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டிருந்த ஒரு சாதாரண மாணவர்.

கதை புத்தகத்தில்தான் தொடங்குகிறது. 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலெலும்பு முறிந்து, இக்னேஷியஸ் வீட்டில் படுத்துவிட்டார். பொழுது போக வீரசாகசக் கதை கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கிடைத்தவை இரண்டே: சாக்சனி ஊர் லுடோல்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை, ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ என்ற புனிதர்களின் வரலாறு. வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துத் தன் மனதைக் கவனித்தார். வீரனாகி ஒரு பெருமாட்டியின் மனதைக் கவர்வதாகக் கற்பனை செய்தால் அந்த நேரத்துக்கு இனிக்கிறது, பிறகு மனம் வறண்டுபோகிறது. புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தால் அந்த இனிப்பு பின்னாலும் நிற்கிறது. பிடித்த பகுதிகளைப் பார்த்து எழுதவும் தொடங்கினார். கிறிஸ்துவின் வார்த்தைகளுக்குச் சிவப்பு மை, மாதாவின் வார்த்தைகளுக்கு நீல மை. நோட்ஸ் எடுக்கிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது பாருங்கள்!

பிறகு மன்ரேசாவில் ஏறக்குறைய ஒரு வருடம் ஜெபமும் தவமும். ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ அவருக்கு வாழ்நாள் புத்தகமானது அங்கேதான். பிறருக்கு உதவ வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1524-ல் பார்சலோனாவில், 33 வயதில், சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் மனப்பாடம் செய்தார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. வினைச்சொல் வாய்பாட்டைத் திறந்தால் போதும், ஆண்டவரைப் பற்றிய அருமையான எண்ணங்கள் மளமளவென்று வந்து மோதும். வாய்பாடு மண்டையில் ஏறாது. நம்மில் யாராவது இருந்தால் இதைப் பெரிய வரம் என்று மார்தட்டியிருப்போம். அவர் சந்தேகப்பட்டார். ஜெபம் செய்யும்போதும் பூசையின்போதும் வராத இந்த வெளிச்சம் இலக்கண வகுப்பில் மட்டும் ஏன் வருகிறது? இது சோதனைதான் என்று முடிவுகட்டினார். ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், ஊரில் ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கிறவரை இரண்டு வருடம் வகுப்பை விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். தொந்தரவு நின்றது. பாரீஸில் தத்துவ வகுப்பில் அதே தொல்லை மறுபடி வந்தபோது மறுபடியும் ஆசிரியரிடம் அதே வாக்கு.

படிப்பைக் கெடுக்கிற பக்தியைச் சந்தேகப்படு என்ற இந்தப் பாடத்தை எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை.

இடையில் அல்காலாவிலும் சலமான்காவிலும் விசாரணை, சிறை. அதை இங்கே விரிக்க இடமில்லை. சேன்ட் பார்பில் பிரின்சிபால் தியோகோ தெ கோவேயா அவர்மேல் கோபமாக இருந்தார். தியானம், தர்மம் என்று சொல்லி மாணவர்களின் மனதைக் கலைக்கிறான் என்பது புகார். வந்தால் எல்லோர் முன்னிலையிலும் பிரம்படி என்று மிரட்டினார். இதே கோவேயாதான் 1538-ல் போர்த்துகல் அரசருக்கு, இந்தியாவுக்கு அனுப்ப இந்தக் குழுவினரை விடத் தகுந்தவர் இல்லை என்று சிபாரிசு செய்தவர். பிரின்சிபால்கள் மாறுவதும் உண்டு!

அறைக்குள் என்ன நடந்தது? ஃபேபர் இக்னேஷியஸுக்கு அரிஸ்டாட்டில் சொல்லிக்கொடுத்தார். கிரேக்கத்தில் ஐயம் வந்தால் ஆசிரியரே ஃபேபரிடம் கேட்பாராம். பதிலுக்கு, மனக்குழப்பத்தில் தவித்த ஃபேபருக்கு இக்னேஷியஸ் துணை. அவசரமே படவில்லை. ஏறக்குறைய நான்கு வருடம் பொறுத்து 1534 தொடக்கத்தில்தான் முப்பது நாள் ஞானப் பயிற்சி கொடுத்தார். சேவியர் அதைவிடக் கடினம். பட்டம் பெற்று வேறு கல்லூரியில் அரிஸ்டாட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், பெரிய பதவிக் கனவு. 1534 ஆகஸ்ட் 15-ல் மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்தபோது அவரும் உண்டு. ஆனால் முழுப் பயிற்சியை அதற்குப் பிறகுதான் செய்தார். காரணம் எளிது: வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது.

பயிற்சிப் புத்தகத்தின் தொடக்கக் குறிப்புகளிலேயே, நிறைய அறிந்துகொள்வதால் ஆன்மா நிறையாது, உள்ளே சுவைத்துப் பார்ப்பதால்தான் நிறையும் என்ற கருத்து வருகிறது. ருசி கண்ட இடத்தில் நின்றுவிடு, அடுத்ததற்கு ஓடாதே என்கிறது. ‘போர்ஷன்’ முடிக்கிற பழக்கத்தில் ஊறிய நம்மைப் போன்றவர்களுக்கு இது கஷ்டம். எம்.ஏ. படித்தவர் எழுதியது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். அறிவை இளக்காரம் செய்கிறவருடைய வாக்கு அல்ல இது.

படிக்கும் சபையினர் எவ்வளவு நேரம் ஜெபிக்கலாம் என்ற கேள்விக்கு 1551-ல் அவர் தரப்பிலிருந்து போன பதிலும் அதே போக்குதான். நீண்ட தியானம் வேண்டாம். பூசை தவிர ஒரு மணி நேரம், அதற்குள்ளேயே ஆத்தும சோதனையும். மற்றபடி நடக்கும்போதும் பேசும்போதும் பாடம் படிக்கும்போதும் கடவுளைத் தேடு. தனக்குப் பார்சலோனாவில் பட்டது போதும் என்று நினைத்திருப்பார் போலும்.

சேவியர் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, தானும் மனப்பாடம் செய்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் பழைய கல்லூரியின் ஞாபகம் வருகிறது. பாரீஸுக்குப் போய், சோர்போனில் பைத்தியக்காரனைப் போலக் கத்தவேண்டும்போல இருக்கிறதாம், அன்பைவிடப் படிப்பு அதிகமாக உள்ளவர்களைப் பார்த்து. பிறகு மொலுக்காஸ் தீவுகள் பக்கம் போனபோது, நண்பர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்துக் கூடவே வைத்துக்கொண்டார். 1546 மே மாதக் கடிதத்தில் அவரே சொல்கிறார். இக்னேஷியஸை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார்.

முத்துக்குளித்துறையில் அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தவர் என்ரீக்கே என்ரீக்கஸ். கோயம்பிராவில் படித்தவர். தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது, 16 பக்கம். 1586-ல் பெரிய புத்தகம் ஒன்றும் கொண்டுவந்தார். புனிதர்களின் வரலாறு. காலொடிந்து படுத்திருந்த இக்னேஷியஸுக்குக் கிடைத்த அதே வகைப் புத்தகம், பெயரும் அதே ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’, தமிழில்.