இம்பால் படையெடுப்பும் முத்தகுச்சியின் தலைமையும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தரைப்படை கண்ட மிகப் பெரிய தோல்விகளுள் ஒன்றான 1944ஆம் ஆண்டின் இம்பால் படையெடுப்பு, எதிரியின் வலிமையால் மட்டுமன்றி, மேலிருப்பவரிடம் உண்மையைச் சொல்லத் தயங்கிய ஒரு தலைமை முறையாலும் நேர்ந்தது. பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள் புகுந்த பதினைந்தாம் படைக்குத் தலைமை தாங்கிய முத்தகுச்சி ரென்யா, 1937இல் பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் சீனப் போர் மூண்டபோது அங்கிருந்த ரெஜிமெண்டின் தளபதியாகவும், 1942இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போரிட்ட பதினெட்டாம் டிவிஷனின் தளபதியாகவும் இருந்தவர். துணிந்து பாய்ந்தால் எதிரி நிலைகுலைவான் என்ற அவருடைய நம்பிக்கை மலாயா வெற்றியால் உறுதிப்பட்டிருந்தது.

1943இல் ஆங்கிலேயத் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படையினர் சிந்த்வின் ஆற்றைக் கடந்து பர்மாவுக்குள் ஊடுருவியதைக் கண்ட முத்தகுச்சி, இடையிலுள்ள எல்லை மலைகளைத் தம் படையாலும் கடக்க முடியும் என்று முடிவு செய்தார். உணவும் வெடிமருந்தும் கொண்டுசெல்லப் போதிய சாலைகள் இல்லை என்று எதிர்த்த படைத்தலைமை அலுவலர் ஒபாதா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் ஐயங்கள் அடங்கிப்போக, 1944 ஜனவரியில் டோக்கியோ ஒப்புதல் அளித்தது. மூன்று டிவிஷன்கள், அதாவது தனித்துப் போரிடவல்ல மூன்று பெரும் பிரிவுகள், மார்ச் மாதத்தில் ஏறக்குறைய மூன்று வார உணவுடன் புறப்பட்டன. வழியில் சுமை இழுக்கவும் பின்னர் உணவாகவும் பயன்படட்டும் என்று ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளில் பல ஆற்றைக் கடக்கும்போதே மாண்டன. சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவப் பிரிவுகளும் இப்படையெடுப்பில் பங்கேற்றன.

மூன்று வாரத்துக்குள் இம்பாலைப் பிடித்து அங்குள்ள ஆங்கிலேயர் கிடங்குகளால் பசியாறலாம் என்ற கணக்கின்மீதே திட்டம் முழுவதும் நின்றது. ஆங்கிலேயத் தளபதி ஸ்லிம் தம் படைகளை இம்பால் சமவெளிக்குள் இழுத்துக்கொண்டு, முற்றுகைக்குள்ளானோருக்கு விமானங்கள் வழியே உணவும் குண்டும் சேர்த்ததால் அக்கணக்குப் பொய்த்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமாவை அடைந்த முப்பத்தொன்றாம் டிவிஷனின் தளபதி சதோ கோதோகு, வாக்களிக்கப்பட்ட உணவு வந்து சேராத நிலையில், மே இறுதியில் கட்டளையை மீறிப் பின்வாங்கத் துணிந்தார். முன்னேற்றத்தில் தயக்கம் காட்டிய யனகிதா, நோயுற்றிருந்த யமவுச்சி ஆகிய மற்ற இரு டிவிஷன் தளபதிகளோடு அவரும் நீக்கப்பட்டார். ஒரே படையெடுப்பில் மூன்று டிவிஷன் தளபதிகளும் நீக்கப்பட்டது ஜப்பானியத் தரைப்படை வரலாற்றில் முன்னுதாரணமில்லாத நிகழ்வாகும். சதோ ராணுவ நீதிமன்றத்தில் பேசினால் மேலிடத்தின் பிழைகளும் வெளிவரும் என்ற நிலையில், அவர் மனநலம் குன்றியவர் என அறிவிக்கப்பட்டு விசாரணை தவிர்க்கப்பட்டது.

ஜூன் தொடக்கத்தில் முத்தகுச்சியைக் காண வந்த அவருடைய மேலதிகாரி காவாபே, பர்மா முழுவதற்குமான படைகளின் தளபதி. போர் தோற்றுவிட்டதை இருவரும் அறிந்திருந்தும், பின்வாங்குவது பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. தம் முகக்குறிப்பிலிருந்தே அவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்ததாக முத்தகுச்சி பின்னாளில் கூறினார். நிறுத்த ஆணை ஜூலை தொடக்கத்தில்தான் வந்தது. பருவமழை கொட்டிக்கொண்டிருந்த அந்த வாரங்களிலும் அதன் பின்னான பின்வாங்கலிலும் பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குண்டுகளைவிடக் கூடுதலாக உயிர் குடித்தன. சுமார் 85,000 பேர் ஈடுபட்ட இப்படையெடுப்பில் ஏறத்தாழ 30,000 ஜப்பானிய வீரர்கள் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. முத்தகுச்சி ஆகஸ்ட் இறுதியில் பதவி நீக்கப்பட்டாலும் தண்டிக்கப்படவில்லை. ஒப்புதல் அளித்த மேலிடமும் பொறுப்பேற்கவில்லை. எதிர்த்துச் சொன்னவர் பதவி இழப்பதும், உடன்பட்டவர் பாதுகாக்கப்படுவதும் வழக்கமாகிவிட்ட ஒரு படையில், பிழையான திட்டம் ஒன்றைத் தடுத்து நிறுத்த யாருக்கும் வழியில்லாமல் போயிற்று என்பதே இம்பால் வரலாறு காட்டும் உண்மை.