கதவடியில் திரும்பிய தாய்

கார்ல் றொஜர்ஸ் என்றால் எங்கட உளவியல் நோட்ஸில் மூன்று சொல் வரும்: ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உண்மைத்தன்மை. பாடமாக்கி எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனா அதுக்குப் பின்னால் ஒரு தோல்விக் கதை இருக்கு.

றொஜர்ஸ் 1928 முதல் 12 ஆண்டுகள் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் சிறுவர்களுக்கான நிலையமொன்றில் வேலை செய்தார். ஒரு தாய் தன் குழப்படிக்கார மகனைக் கூட்டிவந்தார். நிபுணர்கள் கூடி முடிவெடுத்தார்கள்: தாய் மகனை மனதால் ஒதுக்குகிறார், பிரச்சினை அதுதான். அதை அவருக்கு விளங்கப்படுத்த றொஜர்ஸ் ஏறத்தாழ 12 சந்திப்புகள் முயன்றார். சரிவரவில்லை. நிறுத்துவோம் என்றார். தாயும் ஓமென்றார். வெளியே போகப் போனவர் திரும்பி, பெரிய ஆட்களுக்கும் இங்கே உளவளத்துணை செய்வீர்களா என்று கேட்டார். பிறகு அதே கதிரையில் வந்து இருந்து, கணவரோடு இருந்த சிக்கலையெல்லாம் கொட்டினார். றொஜர்ஸ் முதலில் கேட்டு எழுதிவைத்த விவரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! என்ன செய்யிறதென்று தெரியாமல் அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். பல சந்திப்புகளுக்குப் பிறகு கணவன் மனைவி உறவு சீரானது. மகனின் குழப்படியும் விட்டுப்போனது.

இதை 1961இல் வந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார். எங்கே நோகுது என்று வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை அவர் படித்தது இப்படித்தான்.

1942இல் வந்த நூலில் உதவி தேடி வாறவரை 'நோயாளி' என்னாமல் 'துணைநாடி' என்றார். அதிலே ஒரு துணைநாடியின் எட்டுச் சந்திப்புகள், இசைத்தட்டில் பதிந்தபடி, சொல்லுக்குச் சொல் அச்சாகின. அதுவரை பெரும்பாலும் சிகிச்சையாளர் ஞாபகத்திலிருந்து எழுதினதைத்தான் நம்பவேண்டியிருந்தது. இப்ப ஆர் எவ்வளவு கதைத்தது, ஆலோசகர் எங்கே பிழைவிட்டார் எல்லாம் வாசகருக்குத் தெரிந்தது.

1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் அவரோடு மேடையில் உரையாடினார். உங்களிடம் உதவிக்கு வருபவர் அவர், நீங்கள் அவரிடம் போவதில்லை. இது எப்படிச் சமமான உறவாகும் என்பது பூபரின் வாதம். அந்த நேரத்தில் இருவரும் சமமாகவே உணர்கிறோம் என்று றொஜர்ஸ் விடாமல் நின்றார்.

வாசிக்கேக்க நான் பூபர் பக்கம்தான். முடிவெடுத்த கூட்டத்தில் அந்தத் தாய் இருக்கவில்லையே. ஆனா கதவடியில் அவர் கேட்ட கேள்வியை நினைச்சால், றொஜர்ஸ் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று விளங்குது.