கூகுள் இல்லா ஆண்ட்ராய்டு: மாற்று இயங்குதளங்களின் வரலாறு

கூகுள் இல்லா ஆண்ட்ராய்டு என்பது, ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலைக் கொண்டு, கூகுளின் செயலிகளும் சேவைகளும் இல்லாமல் உருவாக்கப்படும் திறன்பேசி இயங்குதளங்களைக் குறிக்கும். பயனரின் இருப்பிடம், தொடர்புகள், பயன்பாட்டு விவரங்கள் ஆகியவை அவர் அறியாமல் ஒரு நிறுவனத்தின் வழங்கிகளுக்குச் செல்வதைத் தடுப்பது இவற்றின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஆப்பிளின் ஐஓஎஸ் மூடிய மென்பொருள். ஐபோனில் வேறு இயங்குதளத்தை நிறுவ அந்நிறுவனம் இடம் தருவதில்லை. ஆகவே தனியுரிமை நாடுவோரின் முயற்சிகளில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டைச் சுற்றியே அமைந்தன.

திறந்த நிரலும் மூடிய செயலிகளும்

2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு பேசியான எச்டிசி டிரீம் விற்பனைக்கு வந்தபோது, ஆண்ட்ராய்டின் மூல நிரலும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதை எவரும் மாற்றி அமைக்கலாம், பகிரலாம். ஆனால் ஜிமெயில், மேப்ஸ், செயலிச் சந்தை ஆகியவை அந்த உரிமத்தில் அடங்கவில்லை.

இந்த வேறுபாடு 2009இல் வெளிப்பட்டது. ஸ்டீவ் காண்டிக் என்ற அமெரிக்க நிரலாளர் உருவாக்கிய சயனோஜென்மோட் என்னும் மாற்றுப் பதிப்பு அப்போது பலரால் பயன்படுத்தப்பட்டு வந்தது. அதில் கூகுளின் மூடிய செயலிகளும் இருந்ததால், அவற்றை விநியோகிப்பதை நிறுத்துமாறு அவ்வாண்டு செப்டம்பரில் கூகுள் சட்ட அறிவிப்பு அனுப்பியது. காண்டிக் அவற்றை நீக்கினார். ஆண்ட்ராய்டு வேறு, கூகுள் சேவைகள் வேறு என்பது அத்துடன் தெளிவாயிற்று.

2010இல் இரு முயற்சிகள் தோன்றின. திறந்த மூலச் செயலிகளை மட்டும் தரும் எஃப்-டிராய்டு ஒன்று. முற்றிலும் கட்டற்ற மென்பொருளால் ஆன ரெப்ளிகண்ட் மற்றொன்று. சில சாம்சங் கேலக்ஸி பேசிகளில், மோடத்துடன் தொடர்புகொள்ளும் மூடிய மென்பொருள் வழியாகப் பேசியின் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் முடியும் என்று ரெப்ளிகண்ட் குழுவினர் 2014இல் அறிவித்தனர். இயங்குதளத்தை மாற்றுவது மட்டும் போதாது, வன்பொருளோடு வரும் மூடிய நிரலையும் கவனிக்க வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

பிளே சேவைகள்

2012இல் கூகுள் பிளே சேவைகள் அறிமுகமாயின. இருப்பிடம் அறிதல், அறிவிப்புகளைப் பெறுதல் போன்ற பணிகளுக்குச் செயலிகள் இந்த மூடிய அடுக்கை நாடத் தொடங்கின. எனவே திறந்த நிரலை மட்டும் கொண்ட பேசியில் பல செயலிகள் சரியாக இயங்கவில்லை. இதற்கு மாற்றாக, பிளே சேவைகளைப் போலவே செயலிகளுக்குப் பதிலளிக்கும் மைக்ரோஜி என்னும் கட்டற்ற மென்பொருளை மார்வின் விஸ்ஃபெக் உருவாக்கினார்.

நிறுவனங்களின் வீழ்ச்சி

2013இல் சயனோஜென்மோடை முன்வைத்து சயனோஜென் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் சேவைகள் அனைத்தும் முடிவுக்கு வருவதாக 2016 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. தன்னார்வலர்கள் அதே நிரலைக் கொண்டு லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தனர். நிரல் திறந்ததாக இருந்ததால் நிறுவனம் மறைந்தும் திட்டம் பிழைத்தது.

பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட காப்பர்ஹெட் ஓஎஸ்ஸின் கதை வேறு. 2018இல் அதன் தலைமை நிரலாளர் டேனியல் மிக்காய்க்கும் நிறுவனத் தலைமைக்கும் பிணக்கு ஏற்பட்டது. நிறுவனத்தின்மீது நம்பிக்கை இழந்த மிக்காய், புதுப்பிப்புகளுக்குக் கையொப்பமிடும் மறைச்சாவிகளை அழித்தார். அச்சாவிகளால் கையொப்பமிட்ட புதுப்பிப்புகள் அதன்பின் வர வழியில்லாமல் போயிற்று. புதுப்பிப்புச் சாவியை வைத்திருப்பவரே பேசியில் எது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார். பயனரின் நம்பிக்கை முழுவதும் அவரைச் சார்ந்தது.

பிந்தைய முயற்சிகள்

மிக்காயின் பணி 2019 முதல் கிராபீன் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. இது நீண்ட காலம் கூகுளின் பிக்சல் பேசிகளை மட்டுமே ஆதரித்தது. மாற்று இயங்குதளத்தை நிறுவிய பின் பூட்லோடரை மீண்டும் பூட்டி, தொடக்கத்தில் அதன் கையொப்பத்தைச் சரிபார்க்க அப்பேசிகள் இடமளிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கூகுளிடமிருந்து விலக விரும்புவோர் கூகுளின் பேசியையே வாங்க வேண்டியிருந்தது ஒரு முரண். 2021இல் பிளே சேவைகளைச் சிறப்பு அனுமதிகள் எவையுமின்றிச் சாதாரணச் செயலியாக இயக்கும் வசதியும் இதில் சேர்ந்தது.

மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சுக்காரரான கேல் டுவால் வேறு வழியை நாடினார். அவர் தொடங்கிய ஈ ஓஎஸ், லீனியேஜ் நிரலையும் மைக்ரோஜியையும் இணைத்து, தொழில்நுட்பம் அறியாதவரும் பயன்படுத்தும்படி அமைந்தது.

இன்றைய தடை

இப்போது முதன்மைத் தடையாக இருப்பது நிறுவும் கடினம் மட்டும் அன்று. பேசியில் உள்ள இயங்குதளம் கூகுளின் சான்று பெற்றதா என்பதைப் பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவை வழியாகச் செயலிகள் சோதிக்கலாம். சான்று இல்லையெனில் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. புதுப்பிப்புகளைத் தவறாமல் பெற்று, பாதுகாப்பாக இருக்கும் மாற்றுப் பேசியும் இச்சோதனையில் தோற்கலாம். புதுப்பிப்பு நின்றுபோன பழைய பேசி சோதனையின் சில நிலைகளில் வெற்றி பெறலாம். 2009இல் எந்தச் செயலியைப் பகிரலாம் என்று எழுந்த கேள்வி, பயனர் தம் பேசியில் தாமே தேர்ந்த இயங்குதளத்துடன் அன்றாட வாழ்வை நடத்த முடியுமா என்ற கேள்வியாக இன்று வளர்ந்துள்ளது.