தேயிலைப் பெட்டியில் செய்த ஸ்பீக்கர்

அம்மா மணல் வறுத்தார். 1973, மாசி மாதம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே மகாவலியில் அள்ளி வந்த மணல், இரண்டு உரச்சாக்கு. புட்டு மாவு வறுக்கிற இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அகப்பையால் பிரட்டிக்கொண்டே இருந்தார். மணல் முதலில் ஆவி விடும். பிறகு நிறம் வெளுக்கும். கடைசியில் சட்டியைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும். அந்தப் பதம் வந்தால்தான் இறக்கலாம். துளி ஈரம் தங்கினாலும் பலகையில் பூசணம் ஏறிவிடும். கண்டியில் பூசணம் ஏற மூன்று நாள் மழை போதும்.

அந்த மணல் ஒரு ஸ்பீக்கர் பொக்ஸுக்காக. வெளியே ஒரு தேயிலைப் பெட்டி, உள்ளே அதைவிடச் சின்னதாக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி. அந்த இடைவெளி நிறைய வறுத்த மணல். தேயிலைப் பெட்டியின் பலகை மெல்லியது. வெறும் பெட்டியில் ஸ்பீக்கரைப் பூட்டினால் பாட்டோடு சேர்ந்து பலகையும் பாடும். மணல் அதன் வாயை அடைத்துவிடும். இங்கிலாந்தில் வார்ஃப்டேல் கம்பனியைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1950களில் ஸ்பீக்கர் பலகைகளுக்குள் மணல் நிரப்பி விற்றவர். 1954இல் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோலில் ஆயிரக்கணக்கானோரை உட்காரவைத்து, மேடை வாசிப்பையும் இசைத்தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். எங்கள் அடுப்படியில் நடந்ததும் அதே வேலை.

பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்பீக்கரை மேசையில் வெறுமனே வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுவேன். காகிதக் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரு பக்கக் காற்றும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று கொன்றுவிடும். அதில் முதலில் சாவது தடித்த சத்தம். தவில் தகரமாகக் கேட்கும். பிறகு அதையே பெட்டிக்குள் பூட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்டதில்லை.

நான் படித்தவரையில் இலங்கை வானொலியின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் மைக்கின் பக்கம் நின்றே எழுதினார்கள். கொழும்பில் யார் பேசினார்கள், என்ன நிகழ்ச்சி, எத்தனை நாடுகளில் கேட்டார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தக் குரல் மலைக்கு வந்து சேர்ந்தபோது அதைப் பிடித்து, வடிகட்டி, ஒரு லயக் காம்பராவுக்குள் ஒழுங்காகக் கேட்க வைத்தவர்களைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை. நான் அந்த வேலையில் 1964இல் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்தது ஸ்பீக்கரின் பக்கம்.

தொடக்கமே உதிரிச் சாமானில்தான். 1920களின் முற்பகுதியில் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களை வைத்து ஓர் ஒலிபரப்பியைக் கட்டினார். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசை போனது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. பிபிசி தொடங்கி மூன்றே வருடம்.

கண்டிக்கு உதிரிச் சாமான் வந்தது யுத்தத்தோடு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். என் குரு அப்போது பதினான்கு வயதுப் பையன். சோனகர். ஊரே அவரை நானா என்றது, நானும் அப்படியே. இராணுவத்தின் வயர்லெஸ் வேர்க்ஷொப் ஒன்றில் தேத்தண்ணி கொடுக்கப் போன இடத்தில் ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொண்டார். படை கிளம்பியபோது அவர் கையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வால்வுகள். சிலதில் பிரிட்டிஷ் இராணுவத்தின் அம்புக்குறி இருந்தது. இருபது வருடம் கழித்து நான் அந்த டின்னைத் திறந்தபோதும் எட்டு மிச்சம்.

அவற்றில் 807 என்ற வால்வு ஒன்று. உச்சந்தலையில் ஓர் உலோகக் குமிழ், அதில் பல நூறு வோல்ட் நிற்கும். முதல் நாளே நானா சொன்னார்: "தம்பி, ஒரு கை எப்பவும் பொக்கட்டுக்குள்ள இருக்கணும். ரெண்டு கையும் செட்டுக்குள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாத்தான் போகும்." அறுபது வருடமாகிறது. இன்றைக்கும் மூடி கழற்றின எந்தச் சாமானைக் கண்டாலும் என் இடக்கை தானாகப் பொக்கட்டைத் தேடுகிறது.

யுத்தம் விட்டுச்சென்ற பெரிய சாமான் ஏக்கலையில் நின்றது. படையினருக்காக நடந்த ரேடியோ சியாக்கின் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி. யுத்தத்துக்குப் பின் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமானபோது அதன் தொண்டைப்பலம் அந்த இயந்திரம்தான். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து ஒதுக்கிவைத்தார். தமிழ்நாடு முழுக்க ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பியது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்கு மதுரையிலும் திருச்சியிலும் வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது.

எங்களுக்குத்தான் சிரமம். சிற்றலை வானத்துக்குப் போய், தெறித்து, தூரத்தில் இறங்குகிறது. பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்துவிடும். மத்திய அலை தரையோடு வருவது, கண்டிக்கு வருமுன் மலைகள் அதை மென்றுவிடும். ஆகவே இரண்டு கமுக மரங்களுக்கு நடுவே செப்புக் கம்பி கட்டி, மழையில் அறுந்து, மறுபடி கட்டி, மேஜிக் ஐ வால்வின் பச்சைக் கண் மூடுகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். நல்ல சத்தத்தின் மேல் எனக்கு வந்த பிடிப்பு அங்கேதான் முளைத்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பொறுக்கி எடுத்துப் பழகியவனுக்கு, இரைச்சலே இல்லாமல் அதே குரல் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் தீராது.

அதைக் கேட்கிற வாய்ப்பு ஒரு தோட்டத் துரையின் பங்களாவில் கிடைத்தது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. மூன்று வருடத்தில் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கலஹாப் பக்கத்தில் ஒருவர் சாமான்களை வாசலில் பரப்பி விற்றபோது நானாவும் நானும் போனோம். மற்றவர்கள் அலுமாரியையும் கட்டிலையும் பார்த்தார்கள். நாங்கள் கெரார்ட் இசைத்தட்டுச் சுழலியையும், பன்னிரண்டு அங்குல வார்ஃப்டேல் ஸ்பீக்கர் ஒன்றையும், கயிறு கட்டிய சஞ்சிகைக் கட்டு ஒன்றையும் தூக்கினோம். என் நான்கு மாதச் சம்பளம். அப்போது இறக்குமதித் தடை. அந்த ஸ்பீக்கரைக் கொழும்பிலேயே புதிதாக வாங்க முடியாது.

சஞ்சிகைகள் வயர்லெஸ் வேர்ல்ட். கட்டில் 1945 ஒக்டோபர் இதழும் இருந்தது. பூமியைச் சுற்றும் மூன்று நிலையங்களால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் எழுதிய இதழ் அது. அவர் பிறகு இந்த நாட்டிலேயே வந்து குடியிருந்தார். அதே கட்டில் 1947 ஏப்ரல், மே இதழ்கள், வில்லியம்சனின் அம்ப்ளிஃபயர் வரைபடத்தோடு. பதினைந்து வாட், பிறழ்வு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் மண்ணெண்ணெய் விளக்கில் அந்தப் பக்கங்களைக் கொப்பியில் பார்த்து எழுதினேன். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. செட்டை நானாவின் கடையில் வைத்துத்தான் கேட்டோம்.

கடைசியில் நான் கட்டியது வில்லியம்சனை அல்ல. அது கேட்கிற கேடி66 வால்வு கிடைக்கவில்லை. மல்லார்ட் கம்பனி 1954இல் வெளியிட்ட 5-10 வரைபடத்தை எடுத்தேன்: ஐந்து வால்வு, பத்து வாட். வால்வுகள் ரிப்பேருக்கு வந்து திரும்பாத ரேடியோக்களில் கிடைத்தன. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரை மட்டும் கையால்தான் சுற்றவேண்டும். கைத்துளைப்பானைப் பிடிச்சிராவியில் இறுக்கி, அதன் வாயில் மரச்சட்டத்தைக் கட்டி, தலைமயிர் மாதிரி எனாமல் கம்பியை ஒரு கையால் ஊட்டி, மறுகையால் சுற்றி, வாயால் எண்ணவேண்டும். ஒரு படைக்கு ஒரு கடதாசி. இரண்டு பாதியும் எண்ணிக்கையில் சரிசமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மின்சாரத்தின் முனகல் ஸ்பீக்கரில் தங்கிவிடும்.

ஆயிரத்து முந்நூற்றிச் சொச்சத்தில் எண்ணிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து. ஆறு வருடமாக எங்களிடம் ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுத்து வந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன். கடவுச்சீட்டு வந்துவிட்டது என்றார். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் அவரும் ஒருவர். கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் பிடித்து, இராமேஸ்வரம். கொடுத்திருந்த ரேடியோவை எடுக்க வந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, அங்க போனா நம்ம ரேடியோ கேக்குமா?"

கேட்கும் அண்ணே, இங்கே கேட்பதைவிட நன்றாகக் கேட்கும் என்றேன். அது உண்மை. அவர் நம்பவில்லை. பின்மூடியைக் கழற்றி, பற்று விட்டுப்போன இரண்டு இடங்களைப் பார்த்து, பெட்டரியை மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் போனபிறகு வாயில் எண்ணிக்கை இல்லை. அவிழ்த்துத் திரும்பச் சுற்றினால் அந்தக் கம்பி எனாமல் உதிர்ந்துவிடும், வேறு கம்பியும் கிடையாது. ஒரு குத்துமதிப்பில் முடித்தேன். அந்த அம்ப்ளிஃபயரில் பாட்டு நின்ற இடத்தில் மெல்லிய முனகல் ஒன்று கேட்கும்.

ஒரு வருடம் கழித்து கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்தது. மீண்டும் தேயிலைத் தோட்டம், மீண்டும் குளிர். சாயங்காலப் பாட்டு கணீரென்று கேட்கிறதாம், ஆனால் நேரம் சொல்லும்போது மனசு பிசைகிறதாம்.

1977க்குப் பின் கதை வேகமாக ஓடியது. சந்தை திறந்தது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் தோளில் கசெட் செட்டோடு இறங்கினார்கள். கண்டித் தெருக்களில் ரெக்கோடிங் பார்கள் முளைத்தன, பாட்டுப் பட்டியல் கொடுத்தால் மறுநாள் கசெட் கிடைக்கும். 1978இல் இளையராஜாவின் ‘பிரியா’ ஸ்டீரியோவில் வந்தபோது எனக்கு இரண்டாவது பெட்டி தேவைப்பட்டது. அம்மா மறுபடியும் மணல் வறுத்தார். இந்த முறை நெருப்பைக் குறைத்து, அடிக்கடி உட்கார்ந்து. இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றுச் சுவரிலிருந்து யேசுதாஸின் குரல் வந்தபோது அவர் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

1983 ஜூலைக் கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குச் சில வருடம் முன்னர்தான் நான் தனியாகக் கடை போட்டிருந்தேன். மேசை, மீட்டர், ரிப்பேருக்கு வந்த பதினேழு செட்டுகள் எல்லாம் போயின. செட்டுகளின் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட என்னிடம் காசு கேட்டு வரவில்லை. வீட்டிலிருந்த அம்ப்ளிஃபயரையும் இரண்டு பெட்டிகளையும் நானா முந்தின இரவே வந்து, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துத் தன் வானில் கொண்டுபோயிருந்தார். மூன்று மாதம் அவர் வீட்டு ஹோலில் இருந்தன. அந்த மூன்று மாதமும் அவர் அவற்றைப் போடவே இல்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

ஒவ்வோர் எசல மாதமும் எனக்கு ஒரு பரீட்சை உண்டு. பெரஹரா ஊர்வலம் நடக்கும் இரவுகளில் தெருவில் நின்று ‘கெட்ட பெர’ என்ற மேளத்தைக் கேட்பேன். இரண்டு முகத்துக்கும் வேறு வேறு தோல். ஒன்று விண்ணென்று தெறிக்கும், மற்றது நெஞ்சுக்குள் இறங்கும். வீட்டுக்கு ஓடிவந்து, பதிவு செய்த மேளத்தைப் போட்டு, காதில் ஈரம் காய்வதற்குள் ஒப்பிட்டுப் பார்ப்பேன். நெஞ்சுக்குள் இறங்குவது ஏறக்குறைய வந்துவிட்டது. தெறிப்பு இன்னும் வரவில்லை. இப்போது தீக்குச்சிப் பெட்டி அளவில் நூறு வாட் தரும் பலகை மலிவாகக் கிடைக்கிறது. பேராதனையில் பொறியியல் படிக்கும் பையன்கள் அதைக் கொண்டுவந்து என் பெட்டிகளில் பூட்டிக் கேட்கிறார்கள். முனகல் இல்லை, சுத்தமாக இருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. அவர்கள் போனதும் பழைய அம்ப்ளிஃபயரைத் திரும்ப மாட்டுகிறேன்.

போன மாதம் முதல் பெட்டியின் வார்ஃப்டேலுக்குக் கோன் ஓரம் கிழிந்தது. ஒட்டுவதற்காகக் கழற்றி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். உட்பெட்டியின் பலகையில் தோட்டத்தின் பெயரும், கீழே பி.ஓ.பி. என்ற ரகமும், கறுப்பு மையில் அச்சு அழியாமல் இருக்கின்றன. ஒரு மூலையில் இணைப்பு விட்டு, ஒரு கைப்பிடி மணல் கசிந்து கிடந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன். ஓடியது. ஈரம் இல்லை.