மான் வேட்டைக்கு ஒரு ‘முதல் நாள்’: காட்டுக் கதவு யாருக்குத் திறந்தது?

அமெரிக்காவுல மான் வேட்டை சீசன் தொடங்குற முதல் நாள், பல ஊர்கள்ல கிட்டத்தட்ட ஒரு திருவிழா. சில இடங்கள்ல பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவாங்க. நம்ம பக்கம் அப்படி ஒரு நாள் இருந்துச்சா? இருந்துச்சு. ஆனா எல்லாருக்கும் இல்லை.

சீசன் திறக்கணும்னா, முதல்ல அதை யாராவது மூடணும். நீலகிரியில 1879-இல் அதுக்குன்னே ஒரு சட்டம் வந்தது. வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பாத்துற சட்டம். வருஷத்துல சில மாசம் வேட்டைக்குத் தடை; மத்த மாசங்கள்ல லைசென்ஸ் இருந்தா வேட்டையாடலாம். பொழுதுபோக்குக்காகச் சுட்ட வெள்ளைக்காரர்களால கடமான் குறைஞ்சுக்கிட்டே வந்த காலம் அது. லைசென்ஸ் வச்சிருந்தவருக்குத் தடை முடியற நாள் கொண்டாட்டம். வீட்டுச் சட்டிக்காகக் கண்ணி வச்சவரோ, அந்தச் சட்டத்தோட கண்ணுல குற்றவாளி.

அப்படியே தெற்கே திருநெல்வேலிக்கு வருவோம். கடமானை இங்கே ‘மிளா’ன்னு சொல்வாங்க. மாஞ்சோலை மலை அரசாங்கக் காடு இல்லை, சிங்கம்பட்டி ஜமீனோட காடு. 1929-இல் ஜமீன் அதுல 8,373 ஏக்கருக்கு மேல பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை அழிச்சுத் தேயிலை நட்டவங்க, கீழேயிருந்து கூட்டிட்டுப் போன கூலித் தொழிலாளர்கள். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு 1952-இல் நிலம் அரசுக்குப் போச்சு. குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டை நின்னுடுச்சுன்னு பலரும் நினைக்கிறோம். உண்மையில அந்தச் சட்டத்துலயே பெரிய விலங்குக்கு ஒண்ணு, சின்ன விலங்குக்கு ஒண்ணுன்னு தனித்தனி வேட்டை லைசென்ஸ் இருந்தது. அந்தக் கதவை மொத்தமா மூடினது 1991 திருத்தம்தான். அதுக்கு முன்னாடியே, 1988-இல், களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் ஆகிடுச்சு.

மிளாவுக்கு இது நல்ல செய்திதான், சந்தேகமே இல்லை. ஆனா பாதுகாப்புன்னு வர்றப்போ யார் வெளியே போகணும்ங்கற கேள்வி 1879-ஓட முடியலை. குத்தகை 2028-இல் முடியுது. 2024-லயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வு வாங்கிக்கிட்டு மலையிறங்கச் சொன்னாங்க. அரசு தேயிலைக் கழகமான டான்டீ எஸ்டேட்டை எடுத்து நடத்தணும்னு அவங்க கேட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கலை.

பல தலைமுறையா அங்கேயே பிறந்து வளர்ந்தவங்கள்ல பலருக்குக் கீழே சொந்தமா ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அனுமதி கிடைக்கறப்போ நாம மாஞ்சோலையைச் சுத்திப் பாத்துட்டு வந்துடலாம். அவங்க இறங்கினா, திரும்பிப் போக வீடு இருக்காது. காட்டுக்குத் திரும்பக் கொடுக்கப்போற அந்த நிலத்துக்கான கணக்குல, இவங்களோட மறுவாழ்வும் முழுசா எழுதப்படணும்.