ஆ டோயின் வழக்குகள்

சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் தொடக்கக்கால வரலாறு பெரும்பாலும் பொன் தேடி வந்த ஆடவரின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்நகரின் பாதாள உலகில் பிழைத்த சீனப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அவள் பெயர் ஆ டோய். 2019இல் தொடங்கிய ‘வாரியர்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் அவள் பெயர் தாங்கிய பாத்திரம் வாளேந்திப் பகைவரை வீழ்த்துகிறது. வரலாற்று ஆ டோய் ஏந்திய ஆயுதமோ வேறு. அது நீதிமன்றத்தில் கொடுக்கும் புகார்.

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். 1850இல் எடுத்த கணக்கின்படி அங்கு வாழ்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆடவரே. இத்தகைய ஊருக்கு 1849ஆம் ஆண்டையொட்டி ஆ டோய் கப்பலில் வந்து சேர்ந்தாள். மொழி புதிது, உறவினரின் துணை இல்லை. அவள் விலைமகளானாள், விரைவில் சொந்தமாகவே ஓர் இல்லத்தை நடத்தலானாள்.

வாடிக்கையாளர் சிலர் பொற்பொடிக்குப் பதிலாகப் பித்தளைப் பொடியை நிறுத்துக் கொடுத்து ஏமாற்றியபோது, அவள் அவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தாள் என்றும், சான்று கேட்ட நீதிபதியின் முன் அப்பொடியை ஒரு பீங்கான் கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள் என்றும் சொல்வர். வழக்கில் அவள் வெல்லவில்லை. ஆயினும் அடுத்த முறையும் அதே படியேறினாள். சீனர் தலைவர் ஒருவர் அவளிடம் வரி தண்ட முற்பட்டபோதும் சட்டத்தைக் காட்டியே அவரை எதிர்த்து நின்றாள். பிறந்த நாட்டில் அவளையொத்த ஒருத்திக்குக் கனவிலும் கிட்டாத உரிமை இது என்பதை அவள் நன்கு உணர்ந்திருந்தாள் என்றே நான் கருதுகிறேன்.

அவளைப் புகழ்வது மட்டும் என் நோக்கமன்று. அவளே பின்னர்ச் சீனத்திலிருந்து இளம்பெண்களை வரவழைத்து அதே தொழிலில் ஈடுபடுத்தினாள். தான் தப்பிய வழியில் பிறரை விலையாக்கினாள்.

1853இல் லிங் சிங் என்னும் சீனச் சுரங்கத் தொழிலாளியை ஜார்ஜ் ஹால் என்னும் வெள்ளையன் கொன்றான். சீனர் அளித்த சாட்சியத்தின்பேரில் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1854இல் கலிபோர்னிய உயர்நிலை நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. கறுப்பரும் அமெரிக்கப் பழங்குடியினரான ‘இந்தியரும்’ வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்பது அங்கிருந்த சட்டம். ஆசியாவை அடைந்துவிட்டதாக எண்ணியே கொலம்பஸ் அம்மக்களுக்கு அப்பெயரிட்டான். ஆகவே அச்சொல்லில் ஆசியரான சீனரும் அடங்குவர் என்று தலைமை நீதிபதி மரே வாதித்தார். ஒரு மாலுமியின் பிழை மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் தீர்ப்பாயிற்று!

ஆ டோயின் கையிலிருந்த ஒரே ஆயுதம் அன்று முறிந்தது. இனி வெள்ளையன் ஒருவன் ஏமாற்றினாலும் அடித்தாலும் அவள் சொல் செல்லாது. அவள் 1928இல் சான் ஹோசேயில் முதிர்ந்த வயதில் மறைந்தாள்.

அவளுக்குப் பின் வந்த பெண்களின் நிலை இன்னும் கொடியது. தொழில் ‘டாங்’ எனப்படும் இரகசியச் சங்கங்களின் பிடிக்குள் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க ஒப்பி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தனர்; நோயுற்ற நாட்கள் வரம்பைக் கடந்தால் அடிமைக்காலம் நீண்டது. 1870களின் தொடக்கத்தில் சாட்சியத் தடை நீங்கியது. ஆயினும் 1875இல் பேஜ் சட்டம் வந்தது. விலைமகளிரைத் தடுப்பதாகக் கூறிய அச்சட்டத்தால், கணவரை நாடிச் சென்ற மனைவியரும் ஹாங்காங்கில் அமெரிக்கத் தூதரக அதிகாரியின் அவமதிப்பான கேள்விகளுக்கு விடை சொல்ல நேர்ந்தது. குடும்பங்கள் வரவில்லை, சங்கங்களின் வாணிபமோ நிற்கவில்லை.

அபலை ஒருத்தியைப் பாதாள உலகில் தள்ளுவது வறுமை. அவளை அங்கேயே பூட்டி வைப்பது, அவள் சொல்லைக் கேட்க மறுக்கும் சட்டம். ஆ டோயின் வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது இதுவே.